டெல்டா விவசாயிக்கு அரசுப் பணம் வந்து சேர: பட்டா முதல் பாஸ்புக் வரை முழுமையான வழிகாட்டி

"பக்கத்து வயலுக்கு நிவாரணம் ஏறிடுச்சு, நமக்கு மட்டும் வரலை." தை, மாசி மாதங்களில் டெல்டாவின் எந்த டீக்கடையிலும் காதில் விழும் பேச்சு இது. இரண்டு வயலும் ஒரே வாய்க்காலில் பாய்ந்தவை, ஒரே மழையில் மூழ்கியவை. ஆனால் ஒருவர் பட்டாவில் இறந்துபோன தாத்தாவின் பெயர் அப்படியே கிடக்கும். அல்லது அவருடைய ஆதார், எப்போதோ பயன்படுத்துவதை விட்டுவிட்ட ஒரு வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கும். அல்லது காப்பீட்டு ரசீதில் சர்வே எண் தப்பாக ஏறியிருக்கும்.

அரசு ஒதுக்கும் பணம் போதுமா என்பது தனி வழக்கு. ஒதுக்கிய பணமாவது உழுதவர் கைக்கு வர வேண்டும். அதற்கு நிலம், ஆள், வங்கிக் கணக்கு மூன்றும் எல்லாப் பதிவேட்டிலும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். தலைப்பில் தண்ணீர் திறந்தாலும் நடுவில் ஓரிடம் தூர்ந்து கிடந்தால் கடைமடைக்கு எட்டாது, அதே கதைதான். எந்தத் திட்டம் வந்திருக்கிறது என்று ஓடி ஓடி விசாரிப்பதைவிட, இந்த மூன்றையும் சித்திரை, வைகாசியிலேயே சரிசெய்து வைப்பதுதான் பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. மேட்டூர் திறந்துவிட்டால் நாற்றங்கால், நடவு என்று நேரம் போய்விடும். ஐப்பசி மழைக்கு நடுவே கையெழுத்துக்கு அலைவது பெரும் பாடு.

எந்தப் பணம் எந்த வழியாக வருகிறது

எல்லா மானியமும் ரொக்கமாக வராது. 45 கிலோ யூரியா மூட்டையை 266 ரூபாய் 50 காசுக்கு வாங்குகிறோம். அதன் மானியம் உர நிறுவனத்துக்குப் போகிறது, நாம் கடையில் ஆதாரைக் கொடுத்துக் கைரேகை வைப்பதோடு சரி. விதை நெல் மானியம் விலையிலேயே கழிந்துவிடும்.

கணக்குக்கு நேரடியாக வருபவை இவை: மத்திய அரசின் பி.எம். கிசான் உதவித்தொகை, இயந்திர நடவு போன்ற பின்னேற்பு மானியங்கள் (முதலில் நாம் செலவழித்து, பிறகு அரசு தருவது), பயிர்க் காப்பீட்டு இழப்பீடு, மழை மற்றும் வறட்சி நிவாரணம், கொள்முதல் நிலையத்தில் நெல் விலையோடு சேர்ந்து வரும் மாநில அரசின் ஊக்கத்தொகை. காப்பீடு மானியம் இல்லைதான், நாம் பிரீமியம் கட்டி வாங்கும் உரிமை. ஆனால் பிரீமியத்தின் பெரும்பகுதியை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன என்பதால் அதையும் இங்கே சேர்த்தே பேசுகிறேன்.

ஒரு விஷயம் முதலிலேயே புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். பி.எம். கிசான் பணம் உங்கள் ஆதார் எண்ணைப் பிடித்துக்கொண்டு போகிறது. அந்த ஆதார் கடைசியாக எந்த வங்கிக் கணக்கோடு மேப்பிங் ஆகியிருக்கிறதோ, அதாவது இணைந்திருக்கிறதோ, அங்கே போய் விழும். காப்பீடு, கொள்முதல் பணம் பெரும்பாலும் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் பார்த்துப் போகிறது. அதனால் ஒரே ஆளுக்கு ஒரு பணம் இந்த வங்கியிலும் இன்னொன்று அந்த வங்கியிலும் ஏறுவது சகஜம். "வரவில்லை" என்று முடிவுகட்டும் முன் வீட்டிலுள்ள எல்லா பாஸ்புக்கையும் என்ட்ரி போட்டுப் பாருங்கள்.

முதல் படி: பட்டாவில் உங்கள் பெயர்

வருவாய்த் துறையின் இ-சேவை இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் அல்லது புல எண் (சர்வே எண்) கொடுத்தால் பட்டா, சிட்டா விவரத்தைக் காசில்லாமல் பார்க்கலாம். அச்செடுத்து நிதானமாகப் படியுங்கள்.

பெயரை முதலில் பாருங்கள். பட்டாவில் "ச. முருகன்", ஆதாரில் "எஸ் முருகன்", பாஸ்புக்கில் "முருகன் சண்முகம்" என்று இருந்தால் கணினிக்கு அது மூன்று ஆள். எதை மாற்றுவது எளிது? பெரும்பாலும் ஆதாரையும் வங்கியையும் திருத்துவதுதான். பட்டாவில் பெயரே வேறாக, அதாவது அப்பா பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால் பட்டா மாறுதல் செய்தே ஆக வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பாகப்பிரிவினை நடந்திருந்தால் அந்தப் பத்திரம், தீர்வை ரசீது ஆகியவற்றோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். நிலத்தைப் பிரிக்காமல் பெயர் மட்டும் மாற்றுவது சீக்கிரம் முடியும். உட்பிரிவு செய்வதென்றால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், தாமதமாகும். அண்ணன் தம்பிகள் நான்கு பேர் கூட்டுப் பட்டாவில் இருந்தால், பிரச்சினை இல்லாத காலத்திலேயே உட்பிரிவு செய்துகொள்வது நல்லது. கூட்டுப் பட்டாவில் யாருக்கு எவ்வளவு என்று பதிவு இருக்காது. நிவாரணக் கணக்கெடுப்பின்போது அதுவே சண்டையாகிவிடுகிறது.

1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் ஏறிய பிழைகள் இன்னும் பல கிராமங்களில் அப்படியே இருக்கின்றன. பெயர் தவறு, பரப்பு தவறு, சிலருக்கு வேறொருவரின் புல எண் என்று பலவகை. இவற்றை வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) திருத்த முடியாது, கோட்டாட்சியர் வரை போக வேண்டியிருக்கும். இதற்கு நல்ல வாய்ப்பு ஜமாபந்தி, அதாவது கிராமக் கணக்குகளை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கும் தணிக்கை. வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஜூன் 30-இல் முடிவதால், மே, ஜூன் மாதங்களில் தாலுகா அலுவலகத்தில் குறுவட்டம் (பிர்கா) வாரியாக நடக்கும். உங்கள் குறுவட்டத்துக்கு எந்த நாள் என்று வி.ஏ.ஓ. அலுவலகத்தில் கேட்டு, அன்று மனுவை நேரில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கிராமக் கணக்குகள் அத்தனையும் அன்று மேசையில் இருக்கும். மற்ற நாளில் கொடுக்கும் மனுவைவிட இதற்கு வேகம் அதிகம்.

பரப்பையும் சரிபாருங்கள். நாம் மா, வேலி என்று பேசுகிறோம், பட்டா ஹெக்டேர், ஏர் என்று சொல்கிறது. ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். பட்டாவில் 0-40.50 என்று இருந்தால் அது ஒரு ஏக்கர், நம் கணக்கில் 3 மா. ஒரு மா என்பது சுமார் 13.5 ஏர். ஒரு வேலி 20 மா, அதாவது சுமார் 2.7 ஹெக்டேர். இந்தக் கணக்கு கைவசம் இருந்தால் எந்த விண்ணப்பத்திலும் பரப்பு குறைந்து ஏறுவதை அங்கேயே பிடித்துவிடலாம்.

இரண்டாம் படி: ஆதாரும் வங்கிக் கணக்கும்

வங்கியில் ஆதார் நகல் கொடுத்துக் கே.ஒய்.சி. (அடையாளச் சரிபார்ப்பு) முடிப்பது வேறு, நேரடி மானியத்துக்காக (டி.பி.டி.) ஆதாரை அந்தக் கணக்கோடு, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யில் மேப்பிங் செய்வது வேறு. பலரும் முதலாவதை முடித்துவிட்டு இரண்டாவதும் முடிந்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். வங்கியில் "டி.பி.டி.க்கு ஆதார் சீடிங் செய்ய வேண்டும்" என்று கேட்டு, தனிப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுங்கள். ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து உள்ளே போனால் எந்த வங்கி, மேப்பிங் செயலில் இருக்கிறதா என்பது தெரியும். ஒரு நேரத்தில் ஒரு கணக்கு மட்டுமே மேப்பிங்கில் இருக்கும். புதிதாக வேறு வங்கியில் இணைத்தால் பழையது தானாக விலகிவிடும். நகைக்கடனுக்காக எப்போதோ தொடங்கிய கணக்குக்குப் பணம் போவது இதனால்தான்.

வங்கிகள் இணைந்ததும் டெல்டாவில் பலரைப் படுத்தியது. 2020-இல் லட்சுமி விலாஸ் வங்கி டி.பி.எஸ்.ஸோடு சேர்ந்தது. சிண்டிகேட் வங்கி கனராவோடும், அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகள் மாறின. பழைய பாஸ்புக்கின் முதல் பக்கத்தை நகலெடுத்துக் காப்பீட்டுக்குக் கொடுத்தால் பழைய குறியீடே ஏறும், பணம் திரும்பிப் போகும். புது பாஸ்புக் வாங்கிய பிறகு நகலெடுங்கள்.

வீட்டருகே வங்கி இல்லாதவர்களுக்கு அஞ்சலகத்தின் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி நல்ல வழி. தபால்காரரே கைரேகை இயந்திரத்தோடு வீட்டுக்கு வந்து கணக்கு தொடங்கி ஆதாரையும் இணைத்துவிடுவார். நடக்க முடியாத பெரியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இன்னொரு யோசனை: பயிர்க்கடன் வாங்கிய கணக்கும் உதவித்தொகை வரும் கணக்கும் ஒன்றாக இருக்க வேண்டாம். வந்த பணம் நிலுவைக்குப் பிடிபட்டதா, செலவுக்கு இருக்கிறதா என்ற குழப்பம் வராது.

ஆதாரில் இருக்கும் கைபேசி எண் இப்போது உங்கள் கையில் உள்ளதுதானா? மகன் வெளிநாடு போனபோது எடுத்துக்கொண்டு போன சிம்மாக இருந்தால், ஓ.டி.பி. துபாய்க்குப் போகும். முதலில் அந்த எண்ணை மாற்றுங்கள்.

மூன்றாம் படி: விவசாயி தனித்துவ அடையாள எண்

2025-இல் ஊர் ஊராக முகாம் போட்டுப் பதிந்தார்களே, அந்த எண்தான். ஆதாரையும் பட்டாவையும் ஒன்றாகக் கோத்து ஒவ்வொரு நில உடைமையாளருக்கும் ஓர் எண் தருகிறார்கள். தவறவிட்டவர்கள் பொது சேவை மையத்திலோ வேளாண்மைத் துறை அலுவலர்களிடமோ இலவசமாகப் பதியலாம். ஆதார், அதில் இணைந்த கைபேசி, பட்டா மூன்றும் போதும். உங்களுக்கு இரண்டு மூன்று கிராமங்களில் துண்டு துண்டாக நிலம் இருந்தால் எல்லாப் புல எண்ணும் சேர்ந்ததா என்று திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். அவசரத்தில் ஒரு பட்டாவை மட்டும் சேர்த்து முடித்துவிடுகிறார்கள். மத்திய அரசின் திட்டங்கள் இந்த எண்ணைக் கேட்கத் தொடங்கிவிட்டன, ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

நான்காம் படி: பி.எம். கிசான்

ஆண்டுக்கு 6,000 ரூபாய், நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 வீதம். ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்ட் முதல் நவம்பர், டிசம்பர் முதல் மார்ச் என மூன்று தவணை. கணவன், மனைவி, 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சேர்ந்தது ஒரு குடும்பம், ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். கணவன் மனைவி இருவர் பெயரிலும் பட்டா இருந்தாலும் இரண்டு பேர் வாங்கக் கூடாது. 1.2.2019-க்குப் பிறகு விலைக்கு வாங்கிய நிலத்தைக் காட்டிப் பதிய முடியாது, வாரிசாக வந்த நிலம் என்றால் பதியலாம். இந்த இரண்டு வகையிலும் சந்தேகம் உள்ள பதிவுகளை நிறுத்திவைத்து நேரில் விசாரிக்கிறார்கள். வருமான வரி கட்டுபவர், அரசு ஊழியர் (கடைநிலை ஊழியர் நீங்கலாக), மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் வாங்குபவர், தொழில் செய்யும் மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் ஆகியோருக்குக் கிடையாது.

பணம் நின்றுபோனால் இணையதளத்தில் பயனாளி நிலையைத் திறந்து மூன்று வரிகளைப் பாருங்கள். "லேண்ட் சீடிங்" என்ற இடத்தில் "நோ" இருந்தால் பட்டா நகலோடு வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம் போக வேண்டும். "இ-கே.ஒய்.சி." முடியவில்லை என்றால் பொது சேவை மையத்தில் கைரேகை வைக்கலாம். ரேகை தேய்ந்தவர்களுக்குச் செயலியில் முகத்தைக் காட்டி முடிக்கும் வசதி இருக்கிறது. நாற்று பறித்துப் பறித்து ரேகையே இல்லாமல் போன கைகளுக்கு இதுதான் கைகொடுக்கும். "ஆதார் பேங்க் சீடிங்" இல்லை என்றால் வங்கிக்குப் போங்கள். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் வேளாண்மை அலுவலகத்துக்கும் வங்கிக்கும் மாறி மாறி நடந்து களைத்துப்போனவர்கள் ஏராளம்.

பயனாளி இறந்துவிட்டால் அவர் கணக்கில் தொடர்ந்து ஏறும் தவணையை எடுக்காதீர்கள், பின்னால் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். வேளாண்மை அலுவலகத்தில் தெரிவித்து, பட்டா மாற்றி, வாரிசு பெயரில் புதிதாகப் பதியுங்கள்.

இடைத்தரகர் விஷயத்தில் கடுமையாகவே சொல்கிறேன். 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியில்லாத சுமார் 5.5 லட்சம் பேர் பெயரில் 110 கோடி ரூபாய் வரை போனதும், சி.பி.சி.ஐ.டி. விசாரித்ததும் ஊரறிந்த கதை. கொரோனா உதவி என்று சொல்லி ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிப் பதிந்தார்கள். மாட்டிக்கொண்டவர்களில் பலர் ஏதுமறியாத ஏழைகள். யாரிடம் நகல் கொடுத்தாலும் அதன் மேலேயே "இன்ன திட்டத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் பி.எம். கிசான் பெயரில் வரும் செயலி லிங்க்கைத் தொடவே வேண்டாம்.

ஐந்தாம் படி: குறுவைத் தொகுப்பும் கருவி மானியமும்

குறுவைக்கு மாநில அரசு தனித் தொகுப்பு அறிவிக்கிறது.  2024-இல் அந்தத் தொகுப்பு 78 கோடியே 67 லட்சம் ரூபாய், அதில் இயந்திர நடவுக்கு ஏக்கருக்கு 4,000 ரூபாய் மானியம் இருந்தது. தொகையும் விதியும் ஆண்டுதோறும் மாறும், மாறாதது ஒன்று: இலக்கு முடிந்தால் முடிந்ததுதான். நடவு முடித்துவிட்டுப் போய்க் கேட்டால் பயனில்லை. நாற்று விடும்போதே உதவி வேளாண்மை அலுவலரிடம் பெயர் கொடுத்துவிட்டு, இயந்திரம் வயலில் ஓடும்போது படம் எடுத்து, வாடகை ரசீதையும் வாங்கி வையுங்கள்.

பவர் டில்லர், களை எடுக்கும் கருவி போன்றவை வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வருகின்றன. சிறு, குறு, ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், அதுவும் அரசு வைத்திருக்கும் உச்சவரம்புக்கு உட்பட்டு. இதற்குத் தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று வேண்டும். இரண்டரை ஏக்கர் வரை குறு, ஐந்து ஏக்கர் வரை சிறு. இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். அனுமதி வரும் முன் கருவியை வாங்கிவிடாதீர்கள். முன்தேதி ரசீதுக்கு மானியம் கிடைக்காது.

ஆறாம் படி: சம்பா காப்பீடு

டெல்டா விவசாயி அதிகம் கோபப்படுவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

சம்பா, தாளடிக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான் நம் பங்கு, மீதியை அரசுகள் கட்டுகின்றன. கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. சில ஆண்டுகள் நீட்டிப்பார்கள், நீட்டிப்பார்கள் என்று நம்பி உட்காரக் கூடாது. கடைசி வாரத்தில் சர்வர் படுத்துவிடும், வி.ஏ.ஓ. வாசலில் கூட்டம் நிற்கும். தேவையானவை: சிட்டா, நடப்புப் பசலியில் வி.ஏ.ஓ. கையெழுத்திட்ட அடங்கல் (எந்த வயலில் யார், என்ன பயிர் வைத்திருக்கிறார் என்ற கிராமக் கணக்கு), ஆதார், பாஸ்புக் முதல் பக்கம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், வங்கி, பொது சேவை மையம் என எங்கும் கட்டலாம். கடன் வாங்கியவர்களுக்கும் 2020-லிருந்து காப்பீடு கட்டாயமில்லை. அதனால் "கடன் வாங்கினேன், சங்கமே கட்டியிருக்கும்" என்று இருந்துவிடாதீர்கள். கட்டியதா என்று கேட்டு ரசீது வாங்குங்கள்.

ரசீதை மையத்தை விட்டு வெளியே வரும் முன் படியுங்கள். வருவாய் கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், கணக்கு எண் ஆகியவற்றை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பாருங்கள். டெல்டாவில் ஒரே பெயரில் வடபாதி, தென்பாதி, மேல, கீழ என்று கிராமங்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. நீங்கள் குடியிருக்கும் ஊர் ஒன்று, வயல் இருக்கும் வருவாய் கிராமம் வேறொன்று. மையத்தில் தட்டச்சு செய்பவர் பட்டியலில் முதலில் தெரியும் பெயரைத் தொட்டுவிட்டால், உங்கள் பயிர் அழிந்தாலும் வேறு ஊரின் விளைச்சலுக்குத்தான் கணக்குப் பார்ப்பார்கள். பிழையை அன்றே திருத்தலாம், கெடு முடிந்த பிறகு திருத்துவது மிகக் கடினம்.

ஏன் கிராமம் இவ்வளவு முக்கியம்? விளைச்சல் குறைவுக்கான இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்து முடிவாவதில்லை. வருவாய் கிராமம் முழுவதும் ஓர் அலகு, சில இடங்களில் குறுவட்டம். அறுவடைச் சமயத்தில் அந்த அலகில் சில வயல்களைத் தேர்ந்து, 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடத்தை அறுத்து எடை பார்ப்பார்கள். அந்தச் சராசரியை உத்தரவாத மகசூலோடு ஒப்பிடுவார்கள். உத்தரவாத மகசூல் என்பது கடந்த ஏழு ஆண்டுகளில் நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளின் சராசரியை அடிப்படையாக வைத்தது. உதாரணத்துக்கு, உத்தரவாதம் ஏக்கருக்கு 2,000 கிலோ, இந்த ஆண்டு சராசரி 1,500 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இழப்பு 25 சதவீதம். காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அந்தக் கிராமத்தில் காப்பீடு செய்த எல்லோருக்கும் வரும், பயிர் தப்பியவருக்கும் சேர்த்துத்தான். மறுபுறம் உங்கள் பத்து மா முழுவதும் அழுகிப்போயிருந்தாலும், மேட்டுப் பகுதியில் மற்றவர்களுக்கு நன்றாக விளைந்திருந்தால் இந்தக் கணக்கில் உங்களுக்கு ஒன்றும் வராது. இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். தாழ்வான கடைமடை வயல்காரர்தான் இதில் ஒவ்வொரு முறையும் அடிபடுகிறார். ஆனால் விதி இதுதான் என்று தெரிந்தால் நாம் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்.

அது என்ன? அறுவடை ஆய்வு நடக்கும் நாளில் ஊரார் அங்கே நிற்பது. எந்தப் புல எண்கள் தேர்வாகியிருக்கின்றன என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் முன்பே கேளுங்கள். சதுரம் கயிறு பிடித்து அளப்பதையும், அறுத்த நெல்லை எடை போடுவதையும் நாலு பேர் நின்று பாருங்கள், எடையைக் குறித்துக்கொள்ளுங்கள், படம் எடுங்கள். குறைசொல்லப் போவதாக நினைக்க வேண்டாம். பின்னால் சராசரி தவறாக வந்தால் பேசுவதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அதுதான்.

தண்ணீர் வராமலோ மழை பெய்யாமலோ ஓர் அலகில் 75 சதவீதப் பரப்புக்கு மேல் விதைக்கவே முடியாமல் போனால், காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் வரை தர விதி இருக்கிறது. அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் புயல் மழையில் நனைந்தால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணில் சொல்ல வேண்டும்.

ஏழாம் படி: மழை நிவாரணம்

நிவாரணம் காப்பீட்டிலிருந்து முற்றிலும் தனி. காப்பீடு இல்லாவிட்டாலும் வரும், இரண்டும் சேர்ந்தும் வரும். 2022 முதல் 2026 வரைக்கான பேரிடர் நிவாரண விதிப்படி 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். நம் கணக்கில் ஏக்கருக்கு சுமார் 6,880, மாவுக்கு சுமார் 2,300. வரம்பு இரண்டு ஹெக்டேர், கிட்டத்தட்ட 15 மா. மாநில அரசு சில சமயம் கூட்டித் தரும். 2023 பிப்ரவரியில் பருவம் தவறிப் பெய்த மழைக்கு நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 என்று அறிவித்தது. அதே ஆண்டு தண்ணீரின்றிக் கருகிய குறுவைக்கு 13,500 அறிவித்தது.

தண்ணீர் வடியும் முன் படம் எடுங்கள். கைபேசியில் இருப்பிடத்தை ஆன் செய்துகொண்டு, வரப்பும் பக்கத்து அடையாளமும் தெரிய எடுங்கள். வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து கணக்கெடுக்க வரும்போது வயலில் நில்லுங்கள். வர முடியாவிட்டால் யாரையாவது நிறுத்துங்கள். முடிந்ததும் பட்டியலில் உங்கள் பெயர், பரப்பு, கணக்கு எண் எப்படி ஏறியிருக்கிறது என்று வி.ஏ.ஓ.விடம் கேட்டுப் பாருங்கள். பட்டியல் மாவட்டத்துக்குப் போவதற்கு முன் ஒரு வரியைத் திருத்துவது ஒரு பேனா வேலை, போன பிறகு பெரிய வேலை.

எட்டாம் படி: கொள்முதல் நிலையம்

2025-26 பருவத்தில் சாதா ரகத்துக்குக் குவிண்டாலுக்கு ஆதார விலை 2,369 ரூபாயோடு மாநில ஊக்கத்தொகை 131 சேர்த்து 2,500. சன்ன ரகத்துக்கு 2,389-உடன் 156 சேர்த்து 2,545. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்டால்தான் இது கிடைக்கும். அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக் கொடுத்து இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள். வியாபாரிக்கு விற்றுவிட்டு, அவர் உங்கள் காகிதத்தைக் கொண்டுபோய் நிலையத்தில் போட இடம் கொடுக்காதீர்கள். ஊக்கத்தொகை அவருக்கு, பதிவு உங்கள் பெயரில். பின்னால் விசாரணை என்றால் தேடி வருவது உங்களைத்தான்.

குத்தகைக்காரர் என்ன செய்வது

தஞ்சை மண்ணில் உழுபவர் ஒருவர், பட்டாதாரர் வேறொருவர் என்பது நேற்று இன்று வந்ததல்ல. கோயில் நிலம், ஆதீன நிலம், சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் நிலம் என்று எவ்வளவோ இருக்கின்றன. இவற்றில் உழுபவருக்கு பி.எம். கிசான் கிடையாது. பட்டாதாரரை வைத்தே அந்தத் திட்டம் ஓடுகிறது. சேற்றில் இறங்கும் ஆளுக்கு 2,000 ரூபாய்கூட இல்லை என்பது மனதை உறுத்தும் விஷயம், அது மாற வேண்டும்.

ஆனால் காப்பீடு, நிவாரணம், கொள்முதல் மூன்றும் சாகுபடி செய்பவருக்கு உரியவை. இவற்றை விட்டுவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் திறவுகோல் அடங்கல். அதில் சாகுபடிதாரர் என்று உங்கள் பெயர் ஏற வேண்டும். நடவு முடிந்த கையோடு வி.ஏ.ஓ.வை வயலுக்கு அழைத்துக் காட்டுங்கள், பக்கத்து வயல்காரர்களைச் சாட்சி சொல்லச் சொல்லுங்கள். கோயில் நிலமென்றால் குத்தகை ரசீது போதும். நீண்டகாலமாக உழுபவர்கள் 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின் கீழ் தாசில்தாரிடம் பதிவு செய்துகொள்ளலாம். அந்தப் பதிவு கையில் இருந்தால் ஒவ்வொரு பருவமும் கெஞ்ச வேண்டியதில்லை.

வாய்வழிக் குத்தகைதான் சிக்கல். குத்தகைக்காரரை எளிதில் வெளியேற்ற விடாத 1955-ஆம் ஆண்டு சாகுபடிதாரர் பாதுகாப்புச் சட்டத்தை நினைத்து, எதையும் எழுதிக் கொடுக்க நிலக்காரர்கள் தயங்குகிறார்கள். "ஐயா, இந்தச் சம்பாவுக்குக் காப்பீடு கட்ட மட்டும் ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடுதாசி குடுங்க" என்று பருவத்தையும் காரியத்தையும் குறித்துக் கேட்டால் பலர் தருகிறார்கள். அப்புறம் முக்கியமாக, அதே புல எண்ணுக்கு நிலக்காரரும் நீங்களும் தனித்தனியாகக் காப்பீடு கட்டிவிடாதீர்கள். இரட்டைப் பதிவு என்று இருவருடையதும் நின்றுபோகும். யார் கட்டுவது என்று ஆனி, ஆடியிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

வரவில்லை என்றால் யாரிடம் கேட்பது

பி.எம். கிசானுக்கு 155261, காப்பீட்டுக்கு 14447, மாநில அரசு எதற்கும் 1100. அழைத்தால் புகார் எண் கேட்டு வாங்கி, தேதியோடு எழுதி வையுங்கள். எண் இல்லாத புகார் காற்றோடு போனது.

மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும், வழக்கமாகக் கடைசி வெள்ளிக்கிழமை, விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம் நடக்கிறது. வேளாண்மை, வருவாய், கூட்டுறவு, கொள்முதல் அதிகாரிகள் எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள். தனியாகப் போவதைவிட, ஒரே கிராமத்தில் ஒரே குறை உள்ளவர்கள் ஒரே மனுவில் புல எண், விண்ணப்ப எண் பட்டியலோடு போனால் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது கடினம். பேச்சை மழையில் தொடங்கிக் கடனில் முடிக்காமல், "இன்ன விண்ணப்ப எண், இன்ன தேதி, இன்ன தொகை ஏன் வரவில்லை" என்று நேராகக் கேளுங்கள்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். வெள்ளைத் தாளில் மனு, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப், பொதுத் தகவல் அலுவலர் என்று முகவரியிட்டுப் பதிவுத் தபால். 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் தரவில்லை" என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். காப்பீடு என்றால்: எங்கள் வருவாய் கிராமத்துக்கு இந்தப் பருவ உத்தரவாத மகசூல் எவ்வளவு, அறுவடை ஆய்வு நடந்த புல எண்கள் எவை, ஒவ்வொன்றிலும் கிடைத்த எடை என்ன, அந்தப் படிவங்களின் நகல் வேண்டும். நிவாரணம் என்றால்: எங்கள் கிராமத்தின் கணக்கெடுப்புப் பட்டியல் நகல், அதில் இன்ன புல எண்ணுக்குப் பதிந்த சேத சதவீதம், பணம் அனுப்பிய தேதி, திரும்பி வந்திருந்தால் அதன் காரணம். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், இதற்குக் கட்டணம் இல்லை. முதல் மனுவின் நகலையும் தபால் ரசீதையும் சேர்த்து அனுப்ப மறக்க வேண்டாம்.